தெருவில் வளர்ந்த குட்டித் திருடன்: இந்தப் பாத்திரத்தைக் கதையில் எழுதுவது எப்படி?

கதை எழுத ஆரம்பிக்கும் பலருக்கும் இந்தப் பாத்திரத்தின் மேல் ஓர் ஆசை உண்டு. வயது பத்து, பன்னிரண்டு இருக்கும். வீடு கிடையாது. வாய் அசாத்திய வாய். சந்தைக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் யாரோ ஒருவருடைய பர்ஸ் அவன் டவுசருக்குள் இருக்கும். போலீஸ்காரருக்கே டிமிக்கி கொடுப்பான். படிப்பவருக்குப் பார்த்த உடனே பிடித்துப்போகும். இவனைக் கொண்டுவந்து நிறுத்தினாலே கதை தானாக ஓடிவிடும் என்று எழுதுபவருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

ஆனால் ஓடுவதில்லை. முதல் திருட்டு ஜோராக இருக்கும். அடுத்த பக்கத்தில் அந்தப் பர்ஸ் என்ன ஆனது என்று எழுதியவருக்கே தெரியாது. அதில் எவ்வளவு இருந்தது, யாரிடம் போய்ச் சேர்ந்தது, பையன் அன்று ராத்திரி என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று ஒன்றும் இருக்காது. அவனுடைய வாய்ப்பேச்சு மட்டும் மிஞ்சும். இரண்டு அத்தியாயத்துக்கு மேல் அதை வைத்து ஒப்பேற்ற முடியாது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு யோசனையைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறது. திருடிய பொருளின் பின்னாலேயே போங்கள். அது எந்தக் கைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டால் பையனுடைய பயம், பாசம், தந்திரம், அவன் கடைசியில் என்ன ஆவான் என்பது வரை தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு மூன்று பழைய நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். 1554-இல் ஸ்பெயினில், எழுதியவர் பெயர் இல்லாமல் வந்த ‘லாசரில்லோ தெ தோர்மெஸ்’. டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’. இது 1837 பிப்ரவரி முதல் 1839 ஏப்ரல் வரை லண்டன் மாத இதழ் ஒன்றில் தொடராக வந்தது. பிறகு 1862-இல் வந்த விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசெராப்ல்’, அதாவது சுத்தானந்த பாரதியார் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று தந்த கதை. மூன்றிலும் ஒரு பையன் திருடுகிறான். ஆனால் ஒருவன் இன்னொருவனைப் போல இல்லை.

முதல் படி: வரவு செலவுக் கணக்கை எழுதுங்கள்

கதையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் பையனின் ஒரு நாள் கணக்கை எழுதிப் பாருங்கள். இன்று என்ன எடுத்தான், அதை யாரிடம் கொடுத்தான், பதிலுக்கு என்ன கிடைத்தது, ஒன்றுமே எடுக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பினால் என்ன நடக்கும். கடைசிக் கேள்விதான் முக்கியம்.

லாசரில்லோ பெரும்பாலும் காசுக்காகத் திருடுவதில்லை, பசிக்காகத் திருடுகிறான். அதுவும் தெருவில் போகிறவர்களிடம் அல்ல, தன் எஜமானிடமே. அவன் வேலை செய்த ஒரு பாதிரியார் நான்கு நாளுக்கு ஒரு வெங்காயம் என்று படியளப்பவர். ரொட்டியெல்லாம் ஒரு பழைய மரப்பெட்டியில் பூட்டிக் கிடக்கும். தெருவில் வந்த ஈயம் பூசுகிறவனைப் பிடித்துப் பையன் ஒரு மாற்றுச்சாவி வாங்குகிறான். சாவிக்கு விலையாகப் பெட்டிக்குள் இருந்த ரொட்டியையே கொடுக்கிறான். பாதிரியார் ரொட்டியை எண்ணி வைக்க ஆரம்பித்ததும் எலி கொறித்த மாதிரி பிய்த்துத் தின்கிறான். அவர் ஓட்டையை அடைத்துப் பலகை அடிக்க அடிக்க, இவன் ராத்திரியில் புது ஓட்டை போடுகிறான். இத்தனை உழைப்பும் நாலு கவளம் ரொட்டிக்கு. பசி எவ்வளவு பெரியது என்று எழுத்தாளர் ஒரு வரிகூடப் புலம்பவில்லை. சாவி வாங்கியதையும் ஓட்டை போட்டதையும் சொன்னார், பசி தெரிந்துவிட்டது.

‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் வரும் ஜாக் டாக்கின்ஸின் கணக்கு வேறு. ‘டாட்ஜர்’ என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள். அவனுக்கு முதலாளி உண்டு. லண்டன் சாஃப்ரன் ஹில் பக்கத்து அழுக்குச் சந்தில் இருக்கும் ஃபேகின் என்ற கிழவன்தான் அவன். பையன்கள் கொண்டுவரும் கைக்குட்டை, பர்ஸ், கடிகாரம் எல்லாம் அவனிடம் போய்விடும். பதிலுக்குப் படுக்க இடம், சாப்பாடு, சிரிப்பு, விளையாட்டு. வெறுங்கையோடு திரும்பினால் உழைப்பின் அருமையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டுப் பட்டினியாகப் படுக்கப் போடுவான். ஒருமுறை இரண்டு பையன்களை மாடிப்படியில் உருட்டியும் விட்டிருக்கிறான். வாசகர் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்போது டிக்கன்ஸ் இதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். எவ்வளவு கனமான தகவல் இது! டாட்ஜரின் மிடுக்கு முழுவதும் அந்த மாடிப்படிக்கு மேலே கட்டியது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

மூன்றாவது ஆள் பாரிஸின் கவ்ரோஷ். இவனுக்கு முதலாளியே கிடையாது. அதனால் இவன் திருடிய பொருள் எங்கே போகும் என்பது முழுக்க அவன் மனசைப் பொறுத்தது. ஹ்யூகோ இதற்கென்றே ஒரு காட்சி வைத்திருக்கிறார். பையன் முந்தைய நாளும் சாப்பிடவில்லை, அன்றும் சாப்பிடவில்லை. ஒரு தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கலாம் என்று வேலியோரம் வருகிறான். உள்ளே மபேஃப் என்ற கிழவரும் வேலைக்காரக் கிழவியும் வாடகைக்கும் கடைக்காரருக்கும் கொடுக்கக் காசில்லை என்று பேசுவது காதில் விழுகிறது. பறிக்காமல் வேலிக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்கிறான். கொஞ்ச நேரத்தில் சாலையில் ஒரு வாலிபத் திருடன் ஒரு பெரியவர் மேல் பாய்கிறான். பெரியவர் அவனை மடக்கிப்போட்டு, புத்தி சொல்லி, கடைசியில் தன் பணப்பையையே கொடுத்துவிட்டுப் போகிறார். அவன் திகைத்து நிற்கிற நேரத்தில் கவ்ரோஷ் பின்னால் ஊர்ந்து போய் அவன் கோட்டுப் பையிலிருந்து அதை உருவி, வேலிக்கு மேலே வீசிவிட்டு ஓடிவிடுகிறான். பை கிழவரின் காலடியில் விழுகிறது.

இரண்டு நாள் பட்டினியாக இருக்கிற பிள்ளை! அந்தப் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ‘நல்ல உள்ளம் கொண்ட பையன்’ என்ற வார்த்தை அந்த இடத்தில் தேவைப்படவே இல்லை. உங்கள் கதையிலும் பையனுடைய நல்ல குணத்தை யாராவது ஒரு பாத்திரம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வசனத்தை எடுத்துவிட்டு, திருடிய பொருள் ஒன்று கை மாறும் காட்சியை வையுங்கள்.

இரண்டாம் படி: பின்னால் இருக்கும் பெரியவரை எழுதுங்கள்

உங்கள் பையன் டாட்ஜர் வகை என்றால், அதாவது யாருக்காகவோ திருடுகிறவன் என்றால், அந்தப் பெரியவருக்கும் உழைக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் இவரை வெறும் அரக்கனாக எழுதிவிடுகிறார்கள். பிரம்பும் கையுமாக நிற்கிறார், கத்துகிறார், சூடு வைக்கிறார். அப்படிப்பட்டவரிடம் பையன் ஏன் தினமும் திரும்பி வருகிறான் என்ற கேள்விக்குப் பிறகு பதில் இருக்காது.

நாவலின் நாயகனான சிறுவன் ஆலிவர் ஃபேகினிடம் முதன்முதலாகப் போகும்போது அந்தக் கிழவன் அடுப்பில் சாஸேஜ் வாட்டிக்கொண்டிருக்கிறான். அனாதை விடுதியில் வயிறு காய்ந்த பிள்ளைக்குச் சுடச்சுடச் சாப்பாடு போடும் முதல் சில பேரில் இவனும் ஒருவன். நல்லவர்கள் என்று ஊர் மதிக்கும் ஆட்கள் கஞ்சி இன்னொரு கரண்டி கேட்டதற்கே பிள்ளையை விரட்டினார்கள். அதனால் அந்த வீட்டின் கதகதப்பு பிள்ளைக்கு நிஜமானது, அந்தக் கதகதப்பில்தான் கண்ணியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே காட்சியில் எழுதினால்தான் பையன் திரும்பி வருவதை வாசகர் நம்புவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிக்கன்ஸ் ஃபேகினைப் பக்கத்துக்குப் பக்கம் ‘யூதன்’, ‘யூதன்’ என்றே எழுதினார். 1863-இல் ஒரு யூதப் பெண்மணி அவருக்குக் கடிதம் எழுதி, இது எங்கள் மக்களுக்குச் செய்த பெரிய அநியாயம் என்று சொன்னார். 1867-இல் வந்த பதிப்பில் டிக்கன்ஸ் அந்தச் சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். அதற்குள் முப்பது வருடம் ஓடிவிட்டது. நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1871-இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், அதாவது நம் ஊரில் கைரேகைச் சட்டம் என்று சொல்வார்களே, அது 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் பல சமூகங்களைப் பிறவித் திருடர்கள் என்று பதிவேட்டில் ஏற்றியது. 1952-க்குள் சட்டம் நாடு முழுக்க ரத்தாகிவிட்டது, பேர் மட்டும் போகவில்லை. அதனால் உங்கள் குட்டித் திருடனுக்கோ அவனுடைய முதலாளிக்கோ ஒரு சாதியையோ குடியையோ அடையாளமாக ஒட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். கதைக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. திருட்டுக்குக் காரணம் ரத்தத்தில் இல்லை, நீங்கள் முதல் படியில் எழுதிய கணக்கில் இருக்கிறது.

மூன்றாம் படி: தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்

‘அவன் லாவகமாகப் பர்ஸை எடுத்தான்’ என்று எழுதினால் ஒன்றுமே எழுதவில்லை என்று அர்த்தம். ஜேப்படி ஒரு கைத்தொழில். அதற்குப் பழகும் முறை உண்டு, கூட்டாளிகள் உண்டு, சரக்கை வாங்க ஆள் உண்டு.

பழகும் முறைக்குப் பழைய சாட்சியங்கள் அற்புதமானவை இருக்கின்றன. 1585-இல் லண்டன் நகர நீதி அதிகாரி வில்லியம் ஃப்ளீட்வுட் எழுதிய ஒரு கடிதத்தில், பில்லிங்ஸ்கேட் பக்கம் ஒருவன் நடத்திய ‘பள்ளிக்கூடம்’ வருகிறது. அங்கே ஒரு சட்டைப்பையும் ஒரு சுருக்குப்பையும் தொங்கவிட்டிருக்கும். ஒன்றில் வில்லைகள், மற்றதில் வெள்ளிக்காசு. சுற்றிலும் வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சின்னச் சலங்கைகள், மேலே ஒரு பூசை மணி. சத்தம் வராமல் வில்லையை எடுத்தால் ஒரு பட்டம், வெள்ளியை எடுத்தால் அதைவிடப் பெரிய பட்டம். ஏறத்தாழ முந்நூறு வருடம் கழித்து, லண்டன் ஏழைகளைப் பற்றி ஹென்றி மேயூ வெளியிட்ட பெரிய தொகுப்பிலும் இதே சங்கதி: சுவரில் ஒரு கோட்டு, அதில் ஒரு மணி, மணி அடிக்காமல் கைக்குட்டையை உருவ வேண்டும்.

டிக்கன்ஸ் மணியை விட்டுவிட்டு இதை விளையாட்டாக மாற்றினார். ஃபேகின் ஒரு பையில் பொடிடப்பி, இன்னொன்றில் பணப்பை, உள்சட்டையில் கடிகாரம் என்று வைத்துக்கொண்டு, கைத்தடியோடு ஒரு பெரிய மனிதர் கடைத்தெருவில் வேடிக்கை பார்க்கிற மாதிரி அறைக்குள் உலாத்துவான். பையன்கள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக உருவுவார்கள். ஒரு கை பட்டது தெரிந்தால் ‘இந்தப் பையில்’ என்று கத்துவான், ஆட்டம் முதலிலிருந்து. ஆலிவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான். என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பயிற்சிக் காட்சிக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, ஏன் கைக்குட்டை? அந்தக் காலத்து மூக்குப்பொடி போடும் கனவான்கள் கோட்டின் பின்வால் பையில் பட்டுக் கைக்குட்டை வைத்திருந்தார்கள். பின்னால் இருப்பதால் கை போவது தெரியாது. பட்டு என்பதால் விலை உண்டு. இந்தியாவிலிருந்து போன பட்டுக் கைக்குட்டைகளுக்கு அங்கே நல்ல மவுசு. மூலையில் தைத்திருக்கும் எழுத்தை ஊசியால் பிரித்துவிட்டால் யாருடையது என்று சொல்ல முடியாது. ஃபீல்டு லேன் என்ற சந்தில் அவற்றை வாங்கி விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. பொருள், அது இருக்கும் இடம், அடையாளத்தை அழிக்கும் வழி, வாங்கும் கடை என்று இந்த நான்கும் சேர்ந்ததால்தான் டாட்ஜர் கைக்குட்டை எடுக்கிறான்.

உங்கள் கதைக்கும் இந்த நான்கையும் கண்டுபிடியுங்கள். கதை 1970-களின் பேருந்து நிலையத்தில் நடந்தால் சட்டைப்பைக் காசு, இடுப்பு மடிப்பில் சுருட்டிய நோட்டு, பிளேடால் கீறிய ஜோல்னாப்பை. இன்று நடந்தால் நிலைமை வேறு. டீக்குக்கூட செல்போனில் பணம் அனுப்பும் ஊரில் பர்ஸில் என்ன இருக்கும்? பையன் செல்போனைத்தான் எடுப்பான். எடுத்ததும் அது ஒலிக்கும், அதை அணைக்கத் தெரிய வேண்டும், பூட்டைத் திறந்து தரும் கடை வேண்டும், பிரித்து உதிரிப்பாகமாக விற்கிறவர் வேண்டும். அந்தக் கடைக்காரர் உங்கள் கதையில் ஒரு நல்ல பாத்திரமாக வருவார்.

கூட்டாளிகளையும் மறக்காதீர்கள். கூட்ட நெரிசலில் ஒருவன் இடிப்பான், ஒருவன் எடுப்பான், ஒருவன் வாங்கிக்கொண்டு நழுவுவான். எடுத்தவன் மாட்டினால் அவன் கையில் ஒன்றும் இருக்காது. சின்னப் பையன் இதில் எந்த வேலையைச் செய்கிறான்? பெரும்பாலும் பெரியவர்கள் அவனை எடுக்க விடுவார்கள், ஏனென்றால் விரல் சிறியது, அடி வாங்கினாலும் அவனோடு போய்விடும்.

நான்காம் படி: யார் கண்ணால் பார்க்கிறோம்?

திருடும் பையனே தன் கதையைச் சொன்னால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். லாசரில்லோ அப்படித்தான், வளர்ந்தபின் கடிதமாக எழுதுகிறான். அதில் ஒரு சுகம், அவனே தன் தோல்விகளையும் சொல்லிவிடுவான். திராட்சைக் குலை கதை ஒன்று வருகிறது. கண் தெரியாத எஜமான், ஆளுக்கு ஒவ்வொன்றாகத் தின்னலாம் என்று ஒப்பந்தம் போடுகிறான். கொஞ்ச நேரத்தில் அவனே இரண்டிரண்டாகத் தின்ன ஆரம்பிக்க, பையன் மும்மூன்றாகத் தின்கிறான். குலை தீர்ந்ததும் கிழவன் சொல்கிறான்: நீ மூன்று தின்றாய். எப்படித் தெரியும்? நான் இரண்டு தின்றபோது நீ வாயைத் திறக்கவில்லையே!

இந்த மாதிரி ஒரு தோல்வியை உங்கள் பையனுக்கும் சீக்கிரமே கொடுங்கள். எல்லாப் பெரியவர்களையும் முட்டாளாக்கிவிட்டுப் பையனை மட்டும் கெட்டிக்காரனாக எழுதினால் அவனுக்கு ஆபத்தே இல்லை என்று ஆகிவிடும். வாசகர் பதற மாட்டார்.

இன்னொரு வழி, ஒன்றும் தெரியாத ஒரு புதுப் பையனை உடன் அனுப்புவது. லண்டன் கிளார்க்கன்வெல்லில் ஒரு புத்தகக் கடை வாசலில் பிரௌன்லோ என்ற பெரியவர் தன் வீட்டு நாற்காலியில் இருப்பதைப் போல மெய்மறந்து படித்துக்கொண்டு நிற்கிறார். டாட்ஜர் அவர் பையில் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கூட்டாளி சார்லியிடம் கொடுப்பதை ஆலிவர் பார்க்கிறான். வீட்டில் தொங்கிய கைக்குட்டைகள், கடிகாரங்கள், அந்த விளையாட்டு எல்லாம் ஒரே நொடியில் அவனுக்கு விளங்கிவிடுகிறது. பயத்தில் ஓடுகிறான். ஓடுகிறவன்தானே திருடன்? ஊரே துரத்துகிறது. முனையில் ஒரு வாசலில் ஒதுங்கியிருந்த டாட்ஜரும் சார்லியும் வெளியே வந்து, ‘திருடன், திருடன், பிடி!’ என்று மற்றவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டே ஓடுகிறார்கள்.

அந்தக் கத்தலை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வேன். தன் கடைசி ஷில்லிங்கில் ரொட்டியும் பன்றிக்கறியும் வாங்கிக் கொடுத்து, வீதியோரம் பசியால் துவண்டு கிடந்த ஆலிவரை எழுப்பிக் கூட்டிவந்தவன் இதே டாட்ஜர்தான். கறியில் தூசு படக்கூடாது என்று ரொட்டியில் குழி தோண்டி உள்ளே அடைத்து எடுத்துவந்தவன். அந்தக் கருணையும் நிஜம், ஆள் பிடிக்கும் வேலையும் நிஜம், காட்டிக்கொடுத்ததும் நிஜம். பையனை வாசகருக்குப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் அவன் செய்யும் அசிங்கங்களைத் துடைத்துவிட்டால் அவன் பொம்மையாகிவிடுவான்.

ஐந்தாம் படி: உடையும் பேச்சும்

உடைக்கு ஒரு விவரம் போதும். டாட்ஜர் நாலரை அடி உயரம்கூட இல்லை, போட்டிருப்பது கணுக்கால் வரை தொங்கும் பெரியவர் கோட்டு. கை வெளியே வருவதற்காக முழங்கை வரை மடித்துவிட்டிருக்கிறான். வேறு வர்ணனை வேண்டாம்.

பேச்சில் கொச்சை வார்த்தைகளைக் கொட்டாதீர்கள். தெருப்பிள்ளை யாரை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதைக் கவனியுங்கள், அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். பையில் கைவிடப்போகும் ஆளிடம் ‘சார், டைம் என்ன சார்?’ என்பான். டீக்கடையில் ‘மாஸ்டர்’, பூக்காரியிடம் ‘யக்கா’, காவலரிடம் ‘ஐயா’, கூட்டாளியிடம் ‘டேய்’. முதலாளியிடம் மட்டும் ‘அண்ணே’ என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் நிற்பான். ஊருக்கு ஊர் இது மாறும். உங்கள் கதை நடக்கும் ஊரின் பேச்சைப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து காதால் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஆறாம் படி: அவன் இன்னும் பிள்ளை

பெரியவர்களைப் போலப் பேசுகிறவன் எங்கே பிள்ளையாக மாறுகிறான்? இந்த ஓர் இடத்தைக் கண்டுபிடிக்காமல் எழுத உட்காராதீர்கள்.

கவ்ரோஷ் பாரிஸில் பாஸ்டீல் சதுக்கத்தில் நின்ற ஒரு பிரம்மாண்டமான யானைச் சிலைக்குள் குடியிருக்கிறான். அப்படி ஒரு யானை நிஜமாகவே இருந்தது. நெப்போலியன் வெண்கலத்தில் செய்யத் திட்டமிட்டார். சுண்ணச் சாந்தில் செய்த முழு அளவு மாதிரி மட்டும் நின்றது. அதுவும் சிதிலமாகி 1846-இல் இடிபட்டது. நாவலில், தெருவில் அழுதுகொண்டு நிற்கும் இரண்டு குட்டிப் பையன்களைக் கவ்ரோஷ் கூட்டிக்கொண்டுபோய் ரொட்டி வாங்கிக் கொடுத்து, அந்த யானையின் வயிற்றுக்குள் படுக்கவைக்கிறான். அவர்கள் தன் சொந்தத் தம்பிகள் என்று அவனுக்குத் தெரியாது. படுக்கையைச் சுற்றி ஒரு கம்பிவலை. மிருகக்காட்சிச் சாலையிலிருந்து எடுத்துவந்தது. எதற்கு வலை என்று சின்னவன் கேட்கிறான். எலிக்கு. பூனை வளர்க்கலாமே? ஒன்று கொண்டுவந்தேன், எலிகள் தின்றுவிட்டன. சின்னவன் நடுங்க ஆரம்பிக்கிறான். கவ்ரோஷ் அதட்டுகிறான், பிறகு கையைக் கொடுக்கிறான்.

அவனுக்கே பதினொன்று, பன்னிரண்டு வயதுதான். அப்பா வேஷம் போடும்போதுதான் அவன் எவ்வளவு சின்னப் பிள்ளை என்று தெரிகிறது. உங்கள் பையனுக்கு அது வேறொன்றாக இருக்கலாம்: இருட்டு, நாய், ஊசி, தூக்கத்தில் படுக்கையை நனைப்பது. பாசத்துக்கு ஏங்குகிறான் என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

டிக்கன்ஸுக்கு இது வெளியிலிருந்து வந்த கதை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1824-இல் அப்பா கடனுக்காகச் சிறையில் இருக்க, பன்னிரண்டு வயது டிக்கன்ஸ் தேம்ஸ் கரையோரம் ஒரு பூட்ஸ் பாலிஷ் பட்டறையில் ஜாடிகளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். கடவுள் கருணை மட்டும் இல்லாவிட்டால், தன்னைக் கவனித்தவர்கள் கவனித்த லட்சணத்துக்கு, தானும் ஒரு குட்டித் திருடனாகவோ நாடோடியாகவோ ஆகியிருப்பேன் என்று பிற்காலத்தில் எழுதி வைத்தார். அந்தப் பட்டறையில் அவருக்கு உதவி செய்த மூத்த பையனின் பெயர் பாப் ஃபேகின். அந்தப் பெயரைத்தான் அவர் கிழட்டு முதலாளிக்கு வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது.

ஏழாம் படி: மாட்டினால் என்ன?

சட்டத்தைச் சரிபாருங்கள். காலம், நாடு, வயது மூன்றும் சேர்ந்து பதில் மாறும். இங்கிலாந்தில் 1808 வரை ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஜேப்படி செய்தால் தூக்குத் தண்டனைகூடச் சட்டத்தில் இருந்தது. டாட்ஜர் காலத்தில் அது போய், கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது வழக்கம். இப்போது டாஸ்மேனியா எனப்படும் தீவில் போர்ட் ஆர்தர் பக்கம், பாயிண்ட் ப்யூயர் என்ற இடத்தில் பையன்களுக்கென்றே 1834 முதல் 1849 வரை ஒரு சிறை நடந்தது.

டாட்ஜர் ஒரு வெள்ளிப் பொடிடப்பிக்காக மாட்டுகிறான். சார்லிக்கு அதுதான் துக்கம்: தங்கக் கடிகாரமாவது எடுத்துவிட்டு கௌரவமாகப் போகக்கூடாதா! நீதிமன்றத்தில் டாட்ஜர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என் வக்கீல் இன்று பெரிய இடத்தில் காலை விருந்துக்குப் போயிருக்கிறார் என்று அளக்கிறான். கூட்டம் சிரிக்கிறது. காவலர் இழுத்துக்கொண்டு போகிறார். அவ்வளவுதான், அப்புறம் அவன் கதையில் வருவதே இல்லை.

உங்கள் கதை இன்றைய தமிழ்நாட்டில் நடந்தால் பையனைத் தூக்கி லாக்கப்பில் போட்டு எழுதிவிடாதீர்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிறையாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வெளியே விடாவிட்டால் கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் அனுப்புவார்கள். குழந்தையை வைத்துக் குற்றம் செய்விப்பவருக்குத் தனித் தண்டனை உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. சட்டத்தை மீறி நடக்கும் ஒரு காவல் அதிகாரியை எழுதுவது உங்கள் உரிமை. ஆனால் அவர் மீறுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கதைக்குள் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: முடிவு

பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு நல்ல மனிதர் தத்தெடுத்துப் பள்ளியில் சேர்ப்பார், அல்லது பையன் யாரையோ காப்பாற்றிவிட்டுச் சாவான். இரண்டுமே செய்யலாம்தான், கணக்கு ஒத்துவந்தால்.

கவ்ரோஷ் சாகிறான். 1832 ஜூன் கிளர்ச்சியில் தடுப்பரணில் தோட்டா தீர்ந்துவிட, ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், விழுந்துகிடக்கும் சிப்பாய்களின் பையிலிருந்து தோட்டாக்களைக் கொட்டிக்கொள்கிறான். குண்டுகள் பாயும்போது பாட்டுப் பாடுகிறான். கவனியுங்கள், கடைசியாக அவன் செய்வதும் பையில் கைவிடும் வேலைதான், அதுவும் பிறருக்காக. வேலிக்கு மேலே பணப்பையை வீசிய அதே பையன் இவன். அதனால்தான் அந்தச் சாவு எழுத்தாளரின் வசதிக்கு வந்த சாவாகத் தெரியவில்லை.

டிக்கன்ஸ் திருந்தும் வாய்ப்பை டாட்ஜருக்குக் கொடுக்கவில்லை, சார்லிக்குக் கொடுத்தார். அவன் கூட்டாளி ஒருவன் செய்த கொலையால் அதிர்ந்து, திருட்டை விட்டு, கடைசியில் நார்தாம்ப்டன்ஷயரில் மாடு மேய்த்துச் சந்தோஷமாக இருக்கிறான். எனக்கு இந்த முடிவு கொஞ்சம் அவசரமாகப் படுகிறது. லாசரில்லோவின் முடிவைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவன் வளர்ந்து தொலேதோ நகரத்தில் தண்டோரா போடும் அரசு வேலையில் அமர்கிறான். ஒரு பெரிய பாதிரியார் தன் வேலைக்காரியை அவனுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறார். அவளுக்கும் பாதிரியாருக்கும் தொடர்பு என்று ஊர் பேசுகிறது. லாசரில்லோ காதில் போட்டுக்கொள்வதில்லை. கோதுமை வருகிறது, பண்டிகைக்குக் கறி வருகிறது, போட்டுக் கழித்த துணிமணி வருகிறது. வாழ்க்கையில் உச்சத்தில் இருக்கிறேன் என்கிறான். அவன் திருந்தவும் இல்லை, தண்டனை வாங்கவும் இல்லை. பசித்த பையன் கற்றுக்கொண்ட பாடத்தை வளர்ந்த மனிதன் அப்படியே பின்பற்றுகிறான்.

எழுத ஆரம்பிக்கும்போது சந்தைக் காட்சியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ராத்திரி காட்சியை முதலில் எழுதுங்கள். பையன் அன்று எடுத்ததை எடுத்து வைக்கிறான், எதிரே யாரோ எண்ணுகிறார்கள், அல்லது யாருமே இல்லாமல் அவனே எண்ணுகிறான். இரண்டு பக்கம் போதும். எண்ணி முடித்தபின் அவன் கைக்கு எவ்வளவு வந்தது என்று தெரிந்துகொண்டு, மறுநாள் காலை அவன் எந்தப் பேருந்தில் ஏறுவான் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.